கண்மாய்க்கரைக் குடியிருப்பு: மனு கொடுத்துக் களைத்துவிட்டோம், துறைகளோடு சேர்ந்து வேலை செய்ய என்ன வழி?

தையல்கார அக்கா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் ஒரு பேரூராட்சியின் கடைசி வார்டில் இருக்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம், யாரையும் பெயர் சொல்லிக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. கண்மாய்க் கரையை ஒட்டி நூற்றுச் சொச்சம் வீடு. ஆண்கள் புதுவயல் அரிசி ஆலைகளிலும், கொத்து வேலையிலும், ஆத்தங்குடிக் கல் பட்டறையிலும் இருக்கிறார்கள். பெண்களில் பாதிப் பேர் பெரிய வீடுகளில் வேலைக்கும், கல்யாண வீடுகளில் சமையல் உதவிக்கும் போகிறவர்கள். நான் வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன், மகளிர் குழு கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

குறைகளைச் சொல்கிறேன். ஊர்ச் சாக்கடை முழுக்க எங்கள் தெரு முனையில் வந்து நிற்கிறது, ஐப்பசி மழை வலுத்தால் வீட்டுக்குள் வந்துவிடும். பொதுக் கழிப்பறை கட்டினார்கள், தண்ணீர் இணைப்பு வராமல் பூட்டிக் கிடக்கிறது. கரையோரம் கம்பம் இருக்கிறது, விளக்கு எரியாது, அந்த வழியாகத்தான் பெண்பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருகிறார்கள். அங்கன்வாடி தகரக் கொட்டகையில் வாடகைக்கு நடக்கிறது, வைகாசி வெயிலில் பிள்ளைகளை அங்கே விட மனசு வராது.

இதற்கெல்லாம் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு, 1100 போன், முகாம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ரசீது தருகிறார்கள், அப்புறம் "நடவடிக்கையில் உள்ளது" என்று செய்தி வரும், அதோடு சரி. இப்போது கவுன்சிலர் ஒரு யோசனை சொல்கிறார், நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் சாக்கடை வேலையை உடனே எடுக்கலாம் என்று. குடியிருப்பே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பெரியவர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டுவிடலாம் என்கிறார்கள், பையன்கள் ஒரு காசு கொடுக்கக் கூடாது என்கிறார்கள்.

எனக்கு வேண்டியது என்னவென்றால், ஒவ்வொரு அலுவலகமாகப் போய்க் கையேந்துவதை விட்டு, அவர்களும் நாங்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து இன்னதை இன்னார் செய்வது என்று பேசி முடிக்க வேண்டும். அதை எங்கிருந்து தொடங்குவது? நம் பக்கத்தில் யாராவது செய்திருக்கிறீர்களா?

---

ஓய்வுபெற்ற எழுத்தர், தேவகோட்டைப் பக்கம்

தங்கச்சி, நான் பேரூராட்சி அலுவலகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தப் பக்கத்து மேசையிலிருந்து மனு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய குறைகளுக்கு ஒரே அலுவலகத்தில் பதில் கிடையாது. பெரிய ரோட்டு ஓரச் சாக்கடை நெடுஞ்சாலைத் துறையுடையது, உள்தெருச் சாக்கடை பேரூராட்சியுடையது. அந்தத் தண்ணீர் போய் விழுகிற கண்மாய், ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறுகிற நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரிய வேண்டிய விளக்கு பேரூராட்சியுடையது. அங்கன்வாடிப் பணியாளர் குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வருகிறார், கட்டடம் கட்ட இடம் வேண்டுமென்றால் வருவாய்த் துறையிடம் போக வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அது ஒவ்வொரு மேசையாகப் போகும்போது ஒவ்வொருவரும் "இது எங்கள் வரம்பில் வராது" என்று எழுதுவார்கள், அவர்கள் எழுதுவது உண்மையாகவும் இருக்கும். மனு செத்துப்போவது அங்கேதான். யாரும் பொய் சொல்லாமலே வேலை நடக்காமல் போகும்.

அதனால் எல்லோரையும் ஒரே காலையில் உங்கள் தெருவுக்கு வரவழையுங்கள். மேலதிகாரியைக் கூப்பிட வேண்டாம், களத்தில் இருக்கிற ஆட்கள் போதும்: செயல் அலுவலர், சுகாதார மேற்பார்வையாளர், லைன்மேன், கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி அம்மா. இவர்களில் பாதிப் பேருக்கு உங்கள் தெரு ஏற்கெனவே தெரியும், ஒருவரை ஒருவர் அங்கே பார்த்துப் பேசினதுதான் கிடையாது. செயல் அலுவலர் வர மாட்டார் என்று நினைக்காதீர்கள். தேதியை அவர் வசதிக்கு விட்டுவிடுங்கள், கூட்டம் கூட்டிக் கோஷம் போட மாட்டோம் என்று கவுன்சிலர் மூலம் சொல்லிவிடுங்கள், வருவார்.

அன்றைக்குக் கையில் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். சர்வே எண் தெரிந்தால் புல வரைபடத்தை வருவாய்த் துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். அதைப் பெரிதாக நகலெடுத்து, உங்கள் பையன்களை விட்டுச் சாக்கடை எங்கே உடைந்திருக்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை, மழைக்கு எந்த வீடு வரை தண்ணீர் வந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். எதிர்க்கிற பையன்களுக்கே இந்த வேலையைக் கொடுங்கள். வரைபடத்தை விரித்துக் கொண்டு நடந்தால் பேச்சு குறையும், "இந்த முப்பதடி யாருடையது" என்ற கேள்விக்கு அங்கேயே பதில் வரும். நடந்து முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளில் யார் எதை எந்த மாதத்துக்குள் என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதற்குச் சட்ட பலம் கிடையாது. ஆனால் அடுத்த தடவை அலுவலகம் போகும்போது உங்கள் கையில் இருக்கிற தாளில் அவருடைய கையெழுத்தே இருக்கும்.

இன்னொன்று, பகுதி சபை. கிராம சபை மாதிரி வார்டுக்குள் நடக்கிற மக்கள் கூட்டம் அது. தமிழ்நாட்டில் 2022இல் வார்டு குழு, பகுதி சபைக்கு விதி வந்து, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. பேரூராட்சிக்கும் அது உண்டு. உங்கள் பகுதியில் வாக்காளராக இருக்கிற எல்லோரும் அதில் உறுப்பினர்தான், யாரும் அழைத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. தெருவிளக்கு, பொதுக்குழாய், பொதுக் கழிப்பறை எங்கே வேண்டும் என்று சொல்வது பகுதி சபையின் வேலையிலேயே வருகிறது. நிறைய இடங்களில் பத்துப் பேர் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் வீட்டுக்கு ஒருவராகப் போங்கள், அந்த வரைபடத்தோடு போங்கள்.

---

சிங்கம்புணரித் தம்பி

அக்கா, பையன்கள் பக்கம்தான் நான். ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் மூன்றில் ஒரு பங்குக் காசு விஷயத்தைத் தொடவே இல்லை.

பெரிய தெருக்களில் சாக்கடை போட்டபோது அங்கே யாரிடமாவது பங்கு கேட்டார்களா? பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், வீட்டுக்குப் பொங்கலுக்கும் முன்னோர்க்குப் படைக்கிற படைப்புக்கும் வருகிறார்கள். அந்த வாசலில் சாக்கடை அள்ளப்படுகிறது. அந்தத் தண்ணீர்தான் இறங்கி உங்கள் தெருவுக்கு வருகிறது. மேலே இருந்து வருகிற கழிவைக் கீழே இருக்கிறவன் காசு போட்டு அள்ள வேண்டும் என்றால் அதில் என்ன நியாயம்? தினக்கூலிக்குப் போகிற வீட்டில் ஆயிரம் ரூபாய் கேட்டால் அது ஒரு வார அரிசி, காய்கறி.

ஒத்துழைப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. உழைப்பும் காசும் கடைசித் தெருவிலிருந்தே போனால் அதற்குப் பெயர் ஒத்துழைப்பு இல்லை. எங்கள் பக்கம் இன்னும் ஊராட்சிதான், வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. நாங்கள் அங்கே சண்டை போட்டுத்தான் மேல்நிலைத் தொட்டியிலிருந்து எங்கள் தெருவுக்குக் குழாய் இழுத்தோம். காசு கொடுக்கவில்லை, தீர்மானம் போட வைத்தோம். தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். நீங்களும் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுப் பாருங்கள்: இந்தச் சாக்கடை பேரூராட்சியின் பொது நிதியில் ஏன் வரவில்லை, போன மூன்று வருடத்தில் எந்த வார்டுக்கு எவ்வளவு செலவு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

---

பள்ளத்தூர்ப் பொண்ணு, இங்கிலாந்து

அக்கா, நான் இங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் கேட்டதைப் படித்ததும் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன ஒரு இடம் ஞாபகம் வந்தது. கார்ன்வாலில் ஃபால்மவுத் என்ற ஊரில் பீக்கன் என்ற குடியிருப்பு. 1990களின் நடுவில் அங்கே வேலையின்மை, வீட்டுக்குள் வன்முறை, குளிரில் ஈரம் பிடித்த வீடுகள், ஆஸ்துமா வந்த பிள்ளைகள். போலீஸ்காரர்களே போகத் தயங்கிய இடம். அங்கே வீடு வீடாகப் போகிற சுகாதாரச் செவிலியர்கள் இருவர், ஹேசல் ஸ்டூட்லி, ஃபிலிப் ட்ரெனோவெத், தங்கள் கையில் மட்டும் இது தீராது என்று முடிவுக்கு வந்து, எல்லாத் துறைகளையும் கூப்பிட்டுப் பேசினார்கள். அதோடு நிற்காமல் குடியிருப்பில் நாலு பேர் சொல்லைக் கேட்கிற ஆட்களையும் தேடிப் போனார்கள். முதலில் சேர்ந்தது ஐந்து பேர்தான்.

அந்த ஐந்து பேர் தெருத்தெருவாகப் போய் எது முதலில் வேண்டும் என்று கேட்டார்கள். அப்புறம் போலீஸ், வீட்டு வசதித் துறை, பள்ளி எல்லோரும் குடியிருப்புவாசிகளோடு ஒரே மேசையில் உட்கார ஆரம்பித்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு வெப்ப வசதியும் சுவர்க் காப்பும் வந்தது. சில வருடங்களில் குற்றங்கள் பாதியாகக் குறைந்தன. எனக்கு இதில் பிடித்தது, தொடங்கியது செவிலியர்கள் என்பது. ஐயா எழுதிய பட்டியலில் கிராம சுகாதார செவிலியர் நடுவில் வருகிறார். என்னைக் கேட்டால் அவரைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எத்தனை தடவை வயிற்றுப்போக்கு வந்தது என்பது அவர் பதிவேட்டில் இருக்கும். சாக்கடை நாறுகிறது என்று நீங்கள் சொன்னால் அது ஒரு புகார். இந்தத் தெருவில் மழைக்காலத்தில் இத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று செவிலியர் சொன்னால் அதைச் செயல் அலுவலர் ஒதுக்கிவைக்க முடியாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்கிற பெண்களும் உங்கள் மகளிர் குழுக்களிலிருந்து போனவர்களாக இருப்பார்கள், அவர்களையும் சேருங்கள்.

பெரிய பணம் வந்தால் எல்லாம் சரியாகும் என்றும் நினைக்க வேண்டாம். இங்கே 1998இல் அரசாங்கம் 39 பின்தங்கிய பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 5 கோடி பவுண்டு ஒதுக்கி, நிர்வாகக் குழுவில் குடியிருப்புவாசிகளையும் உட்கார வைத்தது. தெருவும் வீடும் பாதுகாப்பும் நன்றாகவே மேம்பட்டன. ஆட்களின் வேலை, படிப்பில் அந்த அளவு மாற்றம் வரவில்லை.

அப்புறம் அந்த மூன்றில் ஒரு பங்கு. தம்பி கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பங்கைக் குடியிருப்புவாசிகளே போட வேண்டும் என்று திட்டத்தில் இல்லை, தனி ஆளோ நிறுவனமோ அறக்கட்டளையோ யாரும் கொடுக்கலாம். நம் ஊர்ப்பக்கம் ஊருணி வெட்டியதும், படித்துறை கட்டியதும், பள்ளிக்கூடம் வைத்ததும் பெரும்பாலும் தனியார் பணம்தான். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றைக்கும் கோயில் திருப்பணிக்கு வாரிக் கொடுக்கிறார்கள். மேல்தெருக் கழிவு உங்கள் தெருவில் நிற்கிறது என்பதை அந்த வரைபடத்தில் காட்டி அவர்களிடமே கேளுங்கள். எங்கள் வீட்டில் ஆச்சியிடம் பேசிவிட்டேன், எங்கள் பங்கு வரும். உங்கள் ஊர் எது என்று தனியாகச் சொன்னால் போதும், இங்கே எழுத வேண்டாம்.

---

மலைக்கோட்டை மல்லிகா

அந்தப் பூட்டிய கழிப்பறை பற்றி மட்டும் சொல்கிறேன், திருச்சியில் இதே வேலையில் இருந்தவள் நான்.

எங்கள் ஊரில் கல்மந்தை என்று ஒரு குடியிருப்பு. மாநகராட்சி கட்டிக் கொடுத்த கழிப்பறையைக் கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் துணையோடு அந்தப் பகுதிப் பெண்கள் குழுவே எடுத்து நடத்தியது. வருகிறவர்களிடம் 50 காசு வாங்கினார்கள், அதிலேயே சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம், பினாயில், பல்பு, சின்னச் சின்னப் பழுது எல்லாம் பார்த்தார்கள். 2002இல் திறந்தவெளியில் மலம் கழிக்காத குடியிருப்பு என்று அதை அறிவித்தார்கள். கல்மந்தையைப் பார்த்து நகரத்தில் வேறு குடியிருப்புகளிலும் பெண்கள் குழுக்கள் எடுத்து நடத்த ஆரம்பித்தன. மிச்சம் பிடித்த பணத்தில் தெருவுக்கு வேறு வேலைகளும் செய்த குழுக்கள் உண்டு.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது சாவி. ஆனால் சாவியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். எழுத்து மூலம் ஒப்படைப்பு இல்லாமல் வாங்கினால் மோட்டார் எரிந்த அன்றைக்கு அது உங்கள் தலையில் விழும். ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்: தண்ணீர் இணைப்பு, மின்கட்டணம், கழிவுநீர்த் தொட்டி எடுப்பது, பெரிய பழுது இவை பேரூராட்சி. அன்றாடச் சுத்தம், காசு வசூல், கணக்கு இவை குழு. கணக்கை மாதாமாதம் கழிப்பறைச் சுவரிலேயே எழுதிவையுங்கள். காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் சண்டை வராது. சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் காசு வாங்காதீர்கள், வாங்கினால் அவர்கள் மறுபடி கரைக்குத்தான் போவார்கள். சுத்தம் செய்ய ஆள் வைக்கும்போது, வழக்கமாக இந்த வேலைக்குத் தள்ளப்படுகிற வீட்டையே தேடிப் போகாதீர்கள். எங்கள் குழுவில் முறை போட்டு எல்லா வீட்டுப் பெண்களும் செய்தோம், முதலில் முணுமுணுப்பு இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

---

தையல்கார அக்கா

படிக்கப் படிக்கத் தெம்பாக இருக்கிறது. வரைபட வேலையைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள், எதிர்த்தவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கில் தம்பி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம், முதலில் தகவல் சட்டத்தில் கேட்கப் போகிறோம், குடியிருப்பிலிருந்து காசு கிடையாது, வெளியிலிருந்து வந்தால் வாங்குவோம். இதில் பெரியவர்களும் சம்மதித்துவிட்டார்கள். பள்ளத்தூர்த் தங்கச்சிக்குத் தனியாக எழுதுகிறேன்.

இன்னொரு கேள்வி. ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் எங்கள் தெருப் பையன்களைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அந்த நடைக்குக் காவல் நிலையத்தையும் கூப்பிடலாமா? அம்மாக்கள் பயப்படுகிறார்கள்.

---

பரமக்குடி வக்கீல்

கூப்பிடுங்கள், ஆனால் எதற்காக என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். போலீசோடு மக்கள் சேர்வது நம் பக்கத்திலிருந்தே கிளம்பிய விஷயம். ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்ற அமைப்பை 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப்தான் தொடங்கினார், அப்புறம் மாநிலம் முழுக்கப் பரவியது. நல்ல நோக்கம். ஆனால் போகப் போகச் சில இடங்களில் தொண்டர்களே போலீஸ் போல நடக்க ஆரம்பித்தார்கள். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு பெரிய எதிர்ப்பு வந்து, அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது.

அதனால் உங்கள் பையன்கள் யாரும் தகவல் சொல்கிற ஆளாகவோ ரோந்து போகிற ஆளாகவோ ஆகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நீங்கள் போலீசிடம் கேட்க வேண்டியது இரண்டு. விளக்கு இல்லாத அந்தக் கரை வழியில் மாலை நேர ரோந்து. விசாரணைக்கு ஒரு பையனைக் கூப்பிட்டால் வீட்டுக்குத் தெரிவித்துவிட்டுக் கூப்பிடுவது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் காவல் நிலையத்தில் சிறார் நல அலுவலர்தான் கையாள வேண்டும், அவர் யார் என்று அன்றைக்கே கேட்டு அம்மாக்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். இன்ஸ்பெக்டருக்கு உங்கள் தெருவில் நாலு அம்மாக்களின் முகம் தெரிந்திருந்தால் நடு இரவில் வீட்டுக் கதவைத் தட்டுவது குறையும்.

---

ஓய்வுபெற்ற எழுத்தர், தேவகோட்டைப் பக்கம்

வக்கீல் தம்பி சொன்னது முக்கியம். போலீசை முதல் நடைக்குக் கூப்பிட வேண்டாம், விளக்கு எரிந்த பிறகு தனியாகக் கூப்பிடலாம் என்பது என் எண்ணம். முதல் நாளிலேயே காக்கிச் சட்டை வந்தால் மற்ற வேலைப் பேச்சு அமுங்கிப்போகும்.

தங்கச்சி, வேலையை எந்த வரிசையில் எடுப்பது என்பதிலும் ஒன்று சொல்ல வேண்டும். விளக்கை முதலில் எடுங்கள். செலவு குறைவு, லைன்மேனும் பேரூராட்சி எலக்ட்ரீஷியனும் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம், இரவே எல்லோருக்கும் கண்ணில் தெரியும். அதைப் பார்த்தால் சந்தேகப்படுகிறவர்களும் வந்து சேர்வார்கள். அடுத்து மல்லிகா அம்மா சொன்ன ஒப்பந்தத்தோடு கழிப்பறை. சாக்கடை பெரிய வேலை, மதிப்பீடு போட்டு ஒப்பந்தப்புள்ளி விட்டு வர மாதக்கணக்கில் ஆகும், மழைக்கு முன் முடியாது. ஆனால் மழைக்கு முன் தூர் வாருவது பேரூராட்சியின் வழக்கமான வேலை, அதை நடையின்போதே தேதி போட்டு வாங்கிவிடுங்கள். அங்கன்வாடிக்கு இடம் பார்க்க வேண்டியது நீங்கள்தான். குடியிருப்பு ஓரம் நத்தம் புறம்போக்கு (குடியிருப்புக்கென்று விட்ட அரசு நிலம்) ஏதாவது இருந்தால் சர்வே எண்ணைக் குறித்து வையுங்கள், கிராம நிர்வாக அலுவலர் அன்றைக்கு வரும்போது கண்ணெதிரே காட்டிக் கேளுங்கள். இடம் இருக்கிறது என்று வந்துவிட்டால் கட்டடத்துக்கு நிதி தேடுவது அவ்வளவு கஷ்டம் இல்லை.

கையெழுத்துத் தாளை மூன்று நகல் எடுங்கள். ஒன்று செயல் அலுவலருக்கு, ஒன்று கவுன்சிலருக்கு, ஒன்று உங்கள் குழு நோட்டில். அடுத்த பகுதி சபைக்குத் தேதி அறிவித்ததும் இங்கே எழுதுங்கள், நானே வந்து பின்வரிசையில் உட்காருகிறேன். தீர்மானத்தின் வாசகத்தை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு போனால் நல்லது, இந்த வாரத்துக்குள் ஒரு நகல் எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன்.